உதறும் வண்டியும் எண்ணிப் பார்க்கும் முறையும்: ஹெரால்டு காரை வைத்து ஓர் அதிர்வுப் பாடம்



அதிர்வு என்றால் என்ன என்று வள்ளூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டி.பி.பி. ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி போனால் நம் வீட்டு ஜன்னல் கம்பி ஆடும், அலமாரியில் உள்ள எவர்சில்வர் டம்ளர் பேசும். நம் ஊர் அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட்டுகள் 3 உள்ளன. ஒவ்வொரு டர்பைனும் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. இத்தகைய டர்பைன்களின் பேரிங்குகளில் அதிர்வை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும் சென்சார்கள் உண்டு. அதிர்வு எல்லை மீறினால் மெஷின் நிறுத்தப்படும். அத்தனை பெரிய இயந்திரத்துக்கே அதிர்வுதான் காய்ச்சல் காட்டும் தெர்மாமீட்டர்!

பழைய காருக்கு இந்த வசதி எல்லாம் கிடையாது. ஓட்டுபவரின் கை, இடுப்பு, பாதம் இவைதான் சென்சார். "வண்டி உதறுது" என்று சொல்லிக் கொண்டு ஷெட்டுக்கு வருவார்கள். அடுத்து என்ன நடக்கிறது? முதலில் டயர் மாற்றுவார்கள். போகாது. வீல் பேலன்சிங் செய்வார்கள். போகாது. பிறகு இன்ஜின் மவுண்டிங், ஷாக் அப்சார்பர், கிளட்ச் பிளேட் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். உதறல் அப்படியே இருக்கும், காசுதான் போயிருக்கும். சில சமயம் காசைவிடப் பெரிய ஆபத்தும் அந்த உதறலுக்குள் ஒளிந்திருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்தான். ஸ்பேனரை எடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டியில் உள்ள ஒவ்வொரு சுழலும் பாகத்துக்கும் தனித்தனி வேகம் இருக்கிறது. உதறல் எந்த வேகத்தோடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் ஹெரால்டு?

கார் தயாரிப்பு நம் பகுதிக்குப் புதிதல்ல. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை இணைத்துத் தந்தது. அதுவே 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் போனது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கே வந்த வண்டிக்கு 948 சி.சி. நாலு சிலிண்டர் இன்ஜின்.

இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1962-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு, இதே ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன், ஸ்டீரிங், பின்பக்க சுவிங் ஆக்ஸில் ஆகியவைதான் அடிப்படை. ஸ்பிட்ஃபயரின் உதறலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஹெரால்டின் உதறலையும் கண்டுபிடிக்கலாம். உலகம் முழுக்க ரசிகர்கள் பாதுகாத்து வரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு நம் சென்னையில் உருவான குடும்பக் காருக்குள் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

படிப்பதற்கும் இது நல்ல வண்டி. முன் பானட் முழுதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். இன்ஜின், சக்கரம், ஸ்டீரிங் எல்லாம் திறந்த புத்தகம் மாதிரி தெரியும். டிஃபரன்ஷியல் சேசிஸோடு பொருத்தப்பட்டிருக்கும். அது சக்கரத்தோடு சேர்ந்து மேலே கீழே போகாது. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு பின் ஷாஃப்ட். ஒவ்வொன்றிலும் உள் முனையில் ஒரே ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட், நம் ஷெட் பாஷையில் கிராஸ். குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங். இதுதான் சுவிங் ஆக்ஸில்.

30 கிராம் எப்படி 2½ கிலோ ஆகிறது?

சுழலும் பாகத்தின் எடை மையத்திலிருந்து விலகி இருந்தால் அது வெளிப்பக்கமாக இழுக்கும். அந்த விசை எடையையும், ஆரத்தையும், கோண வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் கிடைக்கும். மெக்கானிக்ஸ் வகுப்பில் நாம் போட்ட அதே கணக்குதான்.

13 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் அதிகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆரம் 0.165 மீட்டர். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் போனால் சக்கரம் விநாடிக்கு சுமார் 11.4 சுற்று சுற்றும். கோண வேகம் 71.6 ரேடியன். கணக்குப் போட்டால் விசை சுமார் 25 நியூட்டன், அதாவது 2½ கிலோவுக்குச் சற்று மேல். அந்த 2½ கிலோ, விநாடிக்கு 11 தடவை சக்கரத்தை மேலும் கீழும் இழுக்கிறது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகக் குறையும். அதனால்தான் 36-ல் ஒன்றும் தெரியாத வண்டி 72-ல் உதறுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால் கொஞ்சம் தள்ளினாலே பெரிதாக ஆடும். சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரத்துக்கும் இப்படி ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. சாதாரணக் காரில் அது ஏறக்குறைய விநாடிக்கு 10 முதல் 15 தடவை. சக்கரத்தின் சுற்று வேகம் அதோடு பொருந்தும்போது உதறல் உச்சத்துக்குப் போகும். பல வண்டிகள் 70-ல் ஆடி, 95-ல் அமைதியாவது இதனால்தான். "வேகமாப் போனா சரியாயிடுது சார்" என்று சொல்பவரின் வண்டி சரியாகிவிடவில்லை. குறை அப்படியே இருக்கிறது. பேரிங்கின் மேல் விழும் விசை இன்னும் கூடிக்கொண்டுதான் போகிறது.

அந்த 30 கிராம் எங்கிருந்து வரும்? பேலன்ஸ் வெயிட் விழுந்திருக்கலாம். நம் பக்கத்தில் மழைக்காலத்தில் சாம்பல் கலந்த சேறு ரிம்மின் உட்புறம் அப்பி, ஒரு பக்கமாகக் காய்ந்து போகும். ஆகவே முதல் வைத்தியம் இலவச வைத்தியம்: நாலு சக்கரத்தின் உட்புறத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண்

இப்போது எண்ணுவோம். முதலில் டயரின் சுற்றளவு தேவை. டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டுநரை உட்கார வைத்து, வண்டியைச் சரியாக ஒரு சுற்று தள்ளி, தரையில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 1.75 மீட்டர் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

அடுத்து டிஃபரன்ஷியல் ரேஷியோ. பழைய வண்டியில் எந்த ஹவுசிங்கை யார் மாற்றி வைத்தார்களோ தெரியாது. அதனால் புத்தகத்தை நம்பாமல் எண்ணிவிடுவது நல்லது. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு பின் சக்கரம் தரையில் இருக்க, மற்றதை மட்டும் தூக்கி, அதைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். அதற்குள் பிராப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே ரேஷியோ. ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றது இரண்டு மடங்கு சுற்றும் என்பது டிஃபரன்ஷியலின் வேலை. அதனால்தான் 2 சுற்று. இங்கிலாந்தின் ஹெரால்டு 1200 மாடலுக்கு இது 4.11. அதையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். இனி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சக்கரம், டயர், ஹப், பிரேக் டிரம்: 20 ÷ 1.75 = விநாடிக்கு 11.4.

பின் ஷாஃப்டின் கிராஸ்: ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, ஆக ஏறக்குறைய 23.

பிராப்பெல்லர் ஷாஃப்ட்: 11.4 × 4.11 = ஏறக்குறைய 47.

பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்: அதன் இரு மடங்கு, 94.

இன்ஜின், டாப் கியரில்: டாப் கியர் நேரடி கியர் என்பதால் பிராப்பெல்லர் ஷாஃப்டின் அதே 47.

இன்ஜின், தேர்டு கியரில்: கியர் ரேஷியோ 1.4 என்று கொண்டால் ஏறக்குறைய 66.

இந்தப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது, கவனித்தீர்களா? டாப் கியரில் இன்ஜினும் பிராப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகம். இரண்டில் எது ஆடினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் பலர் ஷாஃப்டின் குற்றத்துக்கு இன்ஜின் மவுண்டிங்கைத் தண்டிக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் கியரை மாற்ற வேண்டும்.

விநாடிக்கு 11 தடவை என்பது உடம்புக்கு "உதறல்" ஆகத் தெரியும். கண்ணாடி ஆடும், ஸ்டீரிங் ஆடும். 47 என்பது "கிர்ர்" என்ற நடுக்கம். கியர் லிவரில், சீட்டில், தரைத் தகட்டில் எறும்பு ஊர்வது போல இருக்கும். இந்த வித்தியாசம் ஒன்றே பல வீண் செலவைத் தடுக்கும்.

கையிலுள்ள மொபைல் போனுக்குள் அதிர்வை அளக்கும் சென்சார் இருக்கிறது. இலவச ஆப் மூலம் அது ஹெர்ட்ஸ் கணக்கைக் காட்டும். போனைச் சீட்டின் இரும்புத் தண்டில் இறுக்கமாகக் கட்டுங்கள். கையில் பிடித்தால் கையின் ஆட்டமும் சேரும். ஒன்று நினைவிருக்கட்டும். போன் விநாடிக்கு 100 தடவை அளந்தால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அது காட்டுவதை நம்பக் கூடாது.

ரோட்டுக்குப் போகும் முன்

உதறும் வண்டியை உடனே ரோட்டுக்கு எடுத்துச் சென்று சோதிப்பது தவறு. உதறலுக்குக் காரணம் கழன்றுகொண்டிருக்கும் ஒரு பாகமாக இருந்தால், நம் சோதனையே விபத்தாகிவிடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கீழே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் போகாதீர்கள்.

முதலில் வீல் நட்டுகள். நட்டின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரிம் இனி வேண்டாம்.

அடுத்து டயர். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயரின் ஒரு பகுதி தட்டையாகியிருக்கும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் இந்த ஆட்டம் குறைந்தால் காரணம் அதுவே. சைடுவாலில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய கார்களில் பட்டன் தேயாமலே டயர் கிழடாகிவிடும். டயர் எங்காவது வீங்கியிருந்தால், உள்ளே கட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த டயரோடு ஓட்டவே கூடாது.

மூன்றாவது, முன் சக்கரம். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் பேரிங்கைத் தாண்டி, பால் ஜாயிண்டிலோ கீழ் ட்ரன்னியனிலோ தேய்மானம். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆடினால் டை ராடு எண்டு, ஸ்டீரிங் ராக் பக்கம் பார்க்க வேண்டும்.

அந்த ட்ரன்னியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பத்தின் கீழ் முனையில் மரை இருக்கும். அது வெண்கல ட்ரன்னியனுக்குள் திருகப்பட்டு, ஸ்டீரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே திரும்பும். அதற்குக் கியர் ஆயில் கொடுக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் சொல். கிரீஸ் கன் கையில் இருக்கிறதே என்று பலர் கிரீஸ் அடிக்கிறார்கள். கெட்டியான கிரீஸ் மரையின் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. தண்ணீர் உள்ளே புகும், துரு பிடிக்கும், மரையின் பள்ளத்தில் விரிசல் விழும். ஒரு நாள் கம்பம் அங்கேயே முறிந்து சக்கரம் மடங்கும். உலகெங்கும் இந்தக் கார்களுக்குப் பேர்போன குறை இது.

நம் பகுதியில் உப்பளக் காற்று எப்போதும் வீசுகிறது. துரு நமக்கு விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். ஆகவே ஸ்டீரிங் கனமாகித் திரும்பியபின் தானாக நேராகாத ஹெரால்டு வந்தால், முன்பக்கம் சத்தமும் ஆட்டமும் இருந்தால், வீல் பேலன்சிங்குக்கு அனுப்பாதீர்கள். கம்பத்தைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரண்ட் முறையில் பாருங்கள். நாம் லேபில் வெல்டிங்குக்குச் செய்யும் அதே சோதனைதான்.

கடைசியாக, பிராப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளேஞ்ச் போல்ட்டுகள், டிஃபரன்ஷியலின் மவுண்டிங் ரப்பர், பின் ஹப்பின் ஆட்டம். இவை எல்லாம் சரியென்றால்தான் ரோடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஸ்டாண்டில் வைத்தே கியர் போட்டு ஓட்டிப் பார்க்கலாமே?" என்று தோன்றும். சேசிஸைத் தூக்கினால் ஹெரால்டின் பின் சக்கரங்கள் கீழே தொங்கிவிடும். பின் ஷாஃப்டின் கிராஸ் பெரிய கோணத்தில் நின்று சுற்றும். நல்ல வண்டியும் அப்போது உதறும்; இல்லாத நோயை நாமே உண்டாக்கியது போல் ஆகும். அதோடு வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவும் அபாயமும் இருக்கிறது. அந்தச் சோதனை வேண்டாம்.

ரோட்டில் ஐந்து கேள்விகள்

நம் டி.பி.பி. ரோடு டெஸ்ட் டிரைவுக்கு ஏற்ற இடமில்லை. பின்னால் 40 அடி டிரெய்லர் வரும்போது நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்ப்பது முட்டாள்தனம். விடியற்காலையில், காலியான, நேரான, நல்ல தார் ரோட்டில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் மட்டும் பாருங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஓட்டுபவர் எழுதக் கூடாது. பழைய ஸ்பீடோமீட்டரை நம்பாமல் மொபைலின் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. வண்டி நிற்கும்போது நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் உதறுகிறதா? ஆமாம் என்றால் இன்ஜின், ஃபிளைவீல், கிளட்ச், ஃபேன், மவுண்டிங். திருவொற்றியூரில் பிறந்த புல்லட் ஒரே சிலிண்டர். அது குலுங்குவது இயற்கை. நாலு சிலிண்டரில் பிஸ்டன்கள் ஒன்றையொன்று பெருமளவு சரிக்கட்டிக்கொள்ளும். அது ஐடிலில் குலுங்கினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லையா என்று முதலில் பாருங்கள்.

2. உதறும் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் நிற்கிறதா? இன்ஜின் வேகம் ஐடிலுக்கு இறங்கிவிடும். உதறல் நின்றால் குற்றவாளி இன்ஜின் பக்கம், அல்லது இழுவை இருக்கும்போது மட்டும் ஆடும் ஜாயிண்ட். நிற்காமல் தொடர்ந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ளவை: ஷாஃப்ட், ஹப், சக்கரம். இக்னிஷன் சாவியை மட்டும் ஓடும்போது தொடாதீர்கள்.

3. அதே ரோடு வேகத்தைத் தேர்டு கியரில் ஓட்டினால் மாறுகிறதா? உதறல் அதே மாதிரி இருந்தால் இன்ஜின் குற்றமற்றது. மாறினால் இன்ஜின் வேகத்தோடு சம்பந்தம் உண்டு.

4. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி இருக்கிறதா? அப்படியானால் கிராஸ் தேய்மானம், டிஃபரன்ஷியல் மவுண்டிங் ரப்பர், பல்சக்கர இடைவெளி.

5. மெதுவாக பிரேக் பிடித்தால் கூடுகிறதா? கூடினால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது.

இந்த ஐந்தையும் கேட்கும்போதே, எங்கே தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். ஸ்டீரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்பக்கம். சீட்டில் தெரிந்தால் பின்பக்கம். கியர் லிவரில் தெரிந்தால் நடுவே ஓடும் ஷாஃப்ட் அல்லது இன்ஜின்.

கிராஸ் ஏன் தொல்லை செய்கிறது?

யூனிவர்சல் ஜாயிண்டை ஆங்கிலப் புத்தகங்கள் ஹூக் ஜாயிண்ட் என்றும் சொல்லும். ஸ்பிரிங் விதியைத் தந்த அதே ராபர்ட் ஹூக். நேராக இருக்கும்போது இந்த ஜாயிண்ட் சமர்த்து. கோணத்தில் நின்றால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றில் இரண்டு தடவை கூடிக் குறையும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.4 சதவீதம்தான். 10 டிகிரியில் 1.5 சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதம். மேலே பட்டியலில் கிராஸுக்கு "இரு மடங்கு" என்று போட்டதன் காரணம் இதுதான்.

பிராப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு முனையிலும் கிராஸ் இருக்கிறது. இரு முனையின் யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்து, இரு கோணமும் சமமாக இருந்தால் ஒன்று செய்யும் குறும்பை மற்றது சரிக்கட்டிவிடும். ஸ்பிளைன் உள்ள ஷாஃப்டைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டால் இந்த ஒழுங்கு கெடும். ஆகவே கழற்றும் முன் பெயிண்டால் குறி போடுவது நம் கடமை. ஹெரால்டின் பின் ஷாஃப்டில் ஒரே கிராஸ் என்பதால் சரிக்கட்ட ஜோடி கிடையாது. தொங்கும் சக்கரம் உதறுவதன் ரகசியமும் இதுவே.

ஷெட்டில் பார்த்த ஒரு வண்டி

விடுமுறையில் நான் வேலை பழகப் போகும் ஷெட்டுக்கு ஒரு ஹெரால்டு வந்தது. சொந்தக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு புது டயர், இரண்டு தடவை வீல் பேலன்சிங், இன்ஜின் மவுண்டிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. "காயலாங்கடையில போட்டுடுங்கன்னு வீட்ல சொல்லிட்டாங்க. கடைசியா உங்ககிட்ட காட்டிட்டுப் போட்டுடலாம்னு வந்தேன்" என்றார்.

மேஸ்திரி ஒரே கேள்வி கேட்டார்: "ஸ்டீரிங் ஆடுதா சார், சீட் ஆடுதா?"

"சீட்தாம்பா. கியர் லிவர் மேல கை வச்சா கிர்ருனு இருக்கு."

"எப்போலேருந்து?"

"கிளட்ச் மாத்தினதுலேருந்து."

மேஸ்திரி என்னைப் பார்த்து, "தம்பி, நோட்டு எடுத்துக்கிட்டு வா" என்றார். ஜாக்கியில் எல்லாம் பார்த்தோம். ஆட்டம் எதுவும் இல்லை. மறுநாள் விடியற்காலை ரோட்டுக்குப் போனோம். 60-ல் தொடங்கியது, 70-ல் அதிகமானது. நியூட்ரலில் நிற்கவில்லை. தேர்டு கியரில் மாறவில்லை. நிற்கும் வண்டியில் ரேஸ் கொடுத்தால் ஒன்றுமில்லை. பிரேக்கில் கூடவில்லை. நான் போனில் பார்த்த எண் 45-க்கும் 48-க்கும் நடுவில் நின்றது. சக்கரமாக இருந்தால் 11 வந்திருக்க வேண்டும். "அண்ணே, ஷாஃப்ட்தான்" என்றேன். மேஸ்திரிக்கு என் நோட்டு தேவைப்படவில்லை. "கிளட்ச் மாத்தினப்ப ஷாஃப்ட்டக் கழட்டியிருப்பாங்க" என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். இரண்டு வழியும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஷாஃப்டின் பின் முனையில் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்றினோம். முள் 1 மில்லிமீட்டர் போய் வந்தது. அப்படியென்றால் மையம் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால், புதிதாகப் போட்ட கிராஸின் ஒரு பக்கம் தடித்த சர்கிளிப், எதிர்ப்பக்கம் மெல்லிய சர்கிளிப். கிராஸ் நடுவில் உட்காரவில்லை.

அரை மில்லிமீட்டர் என்ன செய்யும்? ஷாஃப்டின் எடை 5 கிலோ என்றும், அதில் பாதி அந்த முனைக்கு என்றும் வைத்துக்கொள்வோம். 2.5 கிலோ, 0.0005 மீட்டர் ஆரம், விநாடிக்கு 47 சுற்று. விசை சுமார் 109 நியூட்டன், அதாவது 11 கிலோ! விநாடிக்கு 47 தடவை டிஃபரன்ஷியலை 11 கிலோ சுத்தியலால் தட்டுவது போல. இதற்கு டயர் என்ன செய்யும், மவுண்டிங் என்ன செய்யும்?

சரியான சர்கிளிப் போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். முள் ஏறக்குறைய அசையவில்லை. வண்டி காயலாங்கடைக்குப் போகவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கே போனது.

ஒரே நேரத்தில் ஒரே மாற்றம்

சந்தேகப்பட்ட பாகத்தை உறுதி செய்யவும் செலவில்லாத வழிகள் உண்டு. சக்கரத்தின் மேல் சந்தேகம் என்றால் முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றுங்கள். உதறல் ஸ்டீரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் சக்கரமே காரணம். ஷாஃப்டின் மேல் சந்தேகம் என்றால் குறி போட்டுவிட்டு, ஃபிளேஞ்சை 180 டிகிரி திருப்பிப் பொருத்திப் பாருங்கள். உதறல் கூடினாலும் குறைந்தாலும் காரணம் அங்கேதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். செய்தால் எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது. அடுத்த வண்டிக்கு அந்த அனுபவம் உதவாது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் ஷெட்டிலும் ஆலையிலும் கையால் கற்றதை நாம் கணக்காலும் கற்கிறோம். மேஸ்திரியின் விரல் நுனிக்குத் தெரிவதை நம் கணக்கு அவமதிக்கக் கூடாது. நம் கணக்கு சொல்வதை விரல் நுனி ஒதுக்கவும் கூடாது. காரில் கற்ற இந்த முறை பம்ப், கம்ப்ரஸர், கன்வேயர், டர்பைன் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நாளை நம் பகுதி ஆலைகளில் வேலைக்குச் சேரும்போது ஒரு மெஷின் நடுங்கினால், உடனே கழற்றும் கூட்டத்தில் நாம் சேர வேண்டாம்.

கேளுங்கள். எண்ணுங்கள். உறுதி செய்யுங்கள். அதன் பிறகு ஸ்பேனரை எடுங்கள்!